மலையகத்தில் விடுமுறைப் பயணம்: நண்பர்களை அழைத்துச் செல்லும் தன்னார்வலருக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்து, இலங்கை மலையகத்தின் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஓராண்டு ஈராண்டு தன்னார்வலராகப் பணிபுரிபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடசாலை விடுமுறை நெருங்கும்போது ஊரிலிருந்து நண்பர்கள் வருவதாகச் செய்தி அனுப்புவார்கள். பயணத்தைத் திட்டமிடும் வேலை முழுவதும் நம் தலையில் விழும். தலவாக்கலைக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்த காலத்தில் நான் ஐந்து குழுக்களை அழைத்துச் சென்றேன். முதல் குழுவை மிக மோசமாக அழைத்துச் சென்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் இடங்களைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறார்கள். கைப்பேசியில் பார்த்த பத்துப் படங்களை வரிசையாக அடுக்கி, அவற்றுக்கு நாட்களைப் பங்கிட்டு, கடைசியில் மழையைப் பற்றி யோசிக்கிறார்கள். மலையகத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். கீழே உள்ள படிகளை அதே ஒழுங்கில் செய்தால், இடங்கள் தாமாகவே முடிவாகிவிடும்.

1. மழை எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்

மலையகத்துக்கு ஒரே பருவகாலம் என்று நினைப்பதுதான் முதல் பிழை. நடுவில் உயர்ந்து நிற்கும் மலைத்தொடர் இரண்டு பருவக்காற்றுகளையும் தடுத்து நிறுத்துவதால், ஒரு பக்கம் நனையும்போது மறுபக்கம் காய்ந்து கிடக்கும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலை, நுவரெலியா பக்கங்களில் மழையைக் கொட்டும். வட்டவளை நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்று. அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளை, எல்ல, ஹப்புத்தளை ஆகிய ஊவாப் பகுதிகளில் வெயிலும் காய்ந்த காற்றும் இருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது நிலைமை மாறி, ஊவாப் பக்கம் நனையத் தொடங்கும்.

இதை நம்பாதவர்கள் ஆகஸ்டு மாதத்தில் தலவாக்கலையிலிருந்து பதுளைக்கு ரயிலில் போய்ப் பார்க்கலாம். பட்டிப்பொலைவரை கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். அதைத் தாண்டி உச்சிச் சுரங்கத்துக்குள் நுழைந்து ஒஹிய பக்கம் வெளியே வரும்போது பல நாட்களில் வெயில் அடிக்கும்.

பாடசாலை விடுமுறைகள் ஏப்ரல், ஆகஸ்டு, டிசெம்பர் மாதங்களில் வருவதால், கணக்கு எளிதாகிவிடுகிறது. ஆகஸ்டில் ஊவாப் பக்கம் போங்கள். டிசெம்பர் பிற்பகுதியில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மெல்ல மெல்லத் தெளியும். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குப் பக்கத்துக்கும், உயர்ந்த மேட்டுநிலத் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளிக்கும் அதைவிட நல்ல காலம் கிடையாது, ஆகவே நண்பர்கள் தேதியைத் தள்ளிப்போட முடியுமானால் ஒரு நீண்ட வார இறுதியைச் சேர்த்து ஜனவரியில் வரச் சொல்லுங்கள். ஏப்ரலில் இரு பக்கமும் காலையில் தெளிவாக இருந்து, பிற்பகலில் இடியுடன் மழை பெய்யும். எனவே எதையும் பகல் ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

என் முதல் குழுவை நான் ஆகஸ்டில் ஹோட்டன் சமவெளிக்கு அழைத்துப் போனேன். வெகுநேரம் நடந்து உலக முடிவு என்ற அந்த விளிம்பில் நின்றபோது, எங்கள் முன்னே ஏறத்தாழ 870 மீற்றர் ஆழப் பள்ளத்தாக்குக்குப் பதிலாக வெள்ளைச் சுவர் போல மூடுபனிதான் நின்றது. சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அந்த வெள்ளையைப் படமெடுத்து இன்றும் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

2. நாட்காட்டியில் எந்த நாட்களை அடித்துவிட வேண்டும்

மழையைப் பார்த்து மாதத்தை முடிவு செய்தபின், இலங்கை நாட்காட்டியை எடுத்துப் பௌர்ணமி நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா எனப்படும் பொது விடுமுறை. அன்று மதுக்கடையும் இறைச்சிக்கடையும் மூடியிருக்கும். அதைவிட முக்கியமாக, யாத்திரிகர்களும் குடும்பங்களும் சேர்ந்து புறப்படுவதால் பஸ்ஸிலும் ரயிலிலும் கால் வைக்க இடமிராது. போயா வெள்ளி அல்லது திங்கட்கிழமையில் வந்தால், அந்த மூன்று நாட்களையும் தவிர்ப்பது நல்லது.

ஏப்ரல் 13, 14 ஆகிய இரு நாட்களும் சித்திரைப் புத்தாண்டு. கடைகள் பூட்டியிருக்கும், பஸ்கள் மிகக் குறைவாக ஓடும், ஊருக்குப் போனவர்கள் கொழும்புக்குத் திரும்பும் அடுத்த சில நாட்களில் எல்லா வண்டிகளும் நிரம்பி வழியும். நுவரெலியாவில் ஏப்ரல் முழுவதுமே பருவகாலம். அறை வாடகை பல மடங்காகும், ஊருக்குள் வாகனங்கள் நகராது. ஏப்ரலில் நுவரெலியாவில் தங்கவே கூடாது என்பது என் முடிவான கருத்து. யானைகள் பவனி வரும் கண்டிப் பெரஹரா ஊர்வலத் திருவிழா ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வரும். அதைப் பார்ப்பதே நோக்கமாக இருந்தால் தவிர அந்தப் பத்து நாட்களில் கண்டியைத் தொட வேண்டாம்.

தீபாவளியும் தைப்பொங்கலும் வேறு கதை. அந்நாட்களில் வெளியே சுற்றுவதை விட்டுவிட்டுத் தோட்டத்திலேயே இருங்கள். வேறெங்கும் கிடைக்காத விடுமுறை அது. அழைப்பும் உங்களுக்கு நிச்சயம் வந்திருக்கும்.

3. விடுப்பு, அனுமதி, ஆவணங்கள்

விடுமுறைதானே என்று யாரிடமும் சொல்லாமல் புறப்படுவது புதியவர்களின் வழக்கம். நீங்கள் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை அதிபரிடமும் (இங்கே தலைமையாசிரியரை அப்படித்தான் சொல்வார்கள்) உங்களை அனுப்பிய அமைப்பிடமும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மண்சரிவு ஏற்பட்டுப் பாதை மூடப்பட்டால், உங்களைத் தேட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

நண்பர்கள் உங்கள் விடுதியில் இரவு தங்குவதாக இருந்தால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. தோட்டத்துக் கட்டடங்கள் பெரும்பாலும் நிர்வாகத்துக்குச் சொந்தமானவை. சொல்லாமல் ஆட்களை வைத்துக்கொண்டால் கேள்வி உங்களிடம் வருவதற்குமுன், உங்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தவரிடம் போகும். தோட்ட மேலாளரான துரையின் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். மறுத்தால் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஓர் அறை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து வரும் நண்பர்கள் மின்னணுப் பயண அனுமதியைப் புறப்படுவதற்கு முன்பே அரசின் இணையத்தளத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் தரகர்களின் தளம் என்பதால் முகவரியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கடவுச்சீட்டின் படிகளை எல்லோரும் தனியே வைத்திருக்கட்டும். உங்களிடம் வதிவிட விசா இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கும் உள்நாட்டவருக்கும் வெகுவாக வேறுபடுவதால், சில இடங்களில் அதைக் காட்டிச் சலுகை கேட்டுப் பார்க்கலாம். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால், இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் இங்கே செல்லாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ட்ரோன் பறக்கவிடவும் அனுமதி வேண்டும்.

4. தூரத்தைக் கிலோமீற்றரில் எண்ணாதீர்கள்

கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர். மதுரையில் இருப்பவருக்கு அது ஒன்றரை மணி நேரம். இங்கே புசல்லாவை, இறம்பொடை வழியாக வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பண்டாரவளைக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்காரக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்குவதை மட்டும் எழுதுங்கள். வளைவுகளில் வாந்தி எடுக்கும் நண்பர் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார்; அவருக்காகவும் இந்த வரம்பு வேண்டும்.

5. ரயில் சீட்டை எப்படிப் பிடிப்பது

நிலையப் பலகைகளில் புகையிரதம் என்றுதான் எழுதியிருக்கும். பேச்சில் எல்லோரும் ரயில் என்பார்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டி, நாவலப்பிட்டி, ஹட்டன், நானுஓயா, ஹப்புத்தளை, எல்ல வழியாகப் பதுளைக்குப் போகும் அந்தப் பாதைக்காகவே பாதிப் பேர் வருகிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் இந்தப் பாதை பல இடங்களில் மண்சரிவால் சிதைந்தது. எனவே எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்பதை அருகிலுள்ள நிலையத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றதை யோசிக்க வேண்டும். பழைய கால அட்டவணைகள் இணையத்தில் இன்னும் உலவுகின்றன.

முன்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும். விரும்பப்படும் வண்டிகளின் ஆசனங்கள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவதால், எல்லோருடைய கடவுச்சீட்டு எண்களையும் பெயர்களையும் முதல் நாளே எழுதி வைத்திருங்கள். வெளியாட்கள் கூடுதல் விலைக்கு விற்கும் சீட்டை வாங்க வேண்டாம். அதில் வேறொருவருடைய பெயர் இருக்கும், பரிசோதகர் கேட்டால் விழிப்பது நீங்கள்தான்.

முன்பதிவு கிடைக்காவிட்டால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் முன்பதிவற்ற சீட்டுகளைப் பயண நாளிலேயே நிலையத்தில் விற்பார்கள். ஆனால் அங்கும் புதியவர்கள் ஒரு பிழை செய்கிறார்கள்: நானுஓயாவில் ஏறி எல்லவுக்குப் போக நினைக்கிறார்கள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் நிரம்பி வரும் வண்டி அது. நாங்கள் ஒருமுறை அப்படி ஏறி, பதுளைவரை ஒரு ஜப்பானியரின் முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். எதிர்த் திசையில் செல்லுங்கள். பஸ்ஸில் பதுளைக்குப் போய், அங்கே புறப்படும் வண்டியில் அரை மணி நேரம் முன்னதாக ஏறினால் ஜன்னலோர ஆசனம் கிடைக்கும், பாதை தன்னையே சுற்றி வரும் தெமோதரை வளையமும் ஒன்பது வளைவுப் பாலமும் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடும்.

கதவில் தொங்கிப் படமெடுப்பதை அனுமதிக்காதீர்கள். இந்தப் பாதையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் உள்ளன. பாறைச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கை அகலம்கூட இல்லாத இடங்கள் பல. வண்டி ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் பிந்துவதும் வழக்கம் என்பதால், இறங்கியவுடன் பிடிக்க வேண்டிய கடைசி பஸ் என்று எதையும் திட்டத்தில் வைக்க வேண்டாம்.

6. தங்குமிடம்

நாளொன்றுக்கு ஓர் ஊர் என்று மாறிக்கொண்டே போகாமல், ஒரே ஊரில் மூன்று இரவு தங்கி அங்கிருந்து போய் வாருங்கள். ஊவாப் பக்கத்துக்குப் பண்டாரவளை அல்லது ஹப்புத்தளை. எல்லவில் கூட்டமும் விலையும் அதிகம். பண்டாரவளையிலிருந்து அரை மணி நேரத்தில் எல்லவுக்குப் பஸ்ஸில் போய்விடலாம். மேற்குப் பக்கத்துக்கு ஹட்டன் போதும்.

அறை எடுக்கும்போது சுடுதண்ணீர் வருமா, கம்பளிப் போர்வை ஆளுக்கொன்று உண்டா என்ற இரண்டையும் கேளுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் புல்லில் உறைபனி படியும் ஊர். மின்விசிறி இல்லாத அறையைக் கண்டு நண்பர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு இரவில் சிரிப்பார்கள்.

7. பையில் இருக்க வேண்டியவை

மழை அங்கி, உலர்ந்த மாற்றுக் காலுறை இரண்டு சோடி, பிடிப்புள்ள காலணி, தலையில் கட்டும் விளக்கு, கைப்பேசிக்கு மேலதிக மின்கலம். குடையை நம்பாதீர்கள், ஹப்புத்தளைக் காற்று அதை முதல் நாளிலேயே மடக்கிவிடும்.

இரத்தம் உறிஞ்சும் அட்டைக்குத் தனியாக ஒரு வரி. காலுறைக்கு மேலும் கணுக்காலிலும் சவர்க்காரத்தை (சோப்பை) உலர்வாகத் தேய்த்துக்கொள்வதுதான் தோட்டத்தில் எல்லோரும் செய்வது. ஒரு துணி முடிச்சில் உப்பும் வைத்திருங்கள். கடித்துவிட்டால் பிடுங்கி இழுக்காமல், நகத்தால் ஓரத்தை நெம்பி எடுத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இரத்தம் சிறிது நேரம் நிற்காது. அதில் பயமில்லை.

ஹோட்டன் சமவெளிக்குப் போவதாக இருந்தால் உணவைப் பொலித்தீன் பையில் கட்டாமல் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். வாயிலில் பையைத் திறந்து பார்த்து, பொலித்தீனையும் போத்தலில் ஒட்டிய தாளையும் எடுத்துவிடுவார்கள்; பிஸ்கட்டைக் காகிதத்தில் கொட்டிக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

8. ஒவ்வொரு நாளையும் விடியுமுன் தொடங்குங்கள்

மலையகத்தில் காலை ஒன்பது மணி என்பது ஏறத்தாழப் பகல் முடிந்துவிட்ட நேரம். சூரியன் ஏற ஏற, கீழ்ப் பள்ளத்தாக்குகளின் ஈரக் காற்று சூடாகி மேலெழுந்து மலைமுகட்டில் மூடுபனியாகப் படிவதே இதற்குக் காரணம். பத்து மணிக்கு உலக முடிவுக்குப் போனால், நல்ல மாதத்திலும் என் நண்பர் எடுத்த அதே வெள்ளைப் படம்தான் கிடைக்கும்.

ஹோட்டன் சமவெளியின் வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து ஐந்து மணிக்குள் வேனில் புறப்பட வேண்டும். ஒஹிய நிலையத்தில் இறங்கி நடக்க நினைப்பவர்கள், அங்கிருந்து வாயிலுக்கு ஏற்றமாக 11 கிலோமீற்றர் உண்டென்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். உள்ளே சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர், மூன்று மணி நேரம். முதலில் உலக முடிவு, பிறகு பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற வரிசையில் நடவுங்கள். நீர்வீழ்ச்சி மூடுபனியிலும் தெரியும், பள்ளத்தாக்கு தெரியாது.

ஹப்புத்தளையிலிருந்து லிப்டன் இருக்கை என்ற மலைக்காட்சி முனைக்குப் போகிறவர்கள், தம்பேதன்னைத் தொழிற்சாலைவரை காலை பஸ்ஸில் போய், அங்கிருந்து மேலே 7 கிலோமீற்றர் நடப்பதுண்டு. நண்பர்கள் மலைக்குப் பழகாதவர்கள் என்றால் முச்சக்கர வண்டியில் ஏறி, கீழே நடந்து வாருங்கள். ஏறும்போது மூடுபனியுடன் போட்டி போட வேண்டியதில்லை. இறங்கும்போது தேயிலை மலைகளுக்கு நடுவே அவசரமில்லாமல் வரலாம். நான் கண்டவற்றில் மிக நல்ல நடை அதுதான்.

சிவனொளிபாதமலை வேறு வகை. 2,243 மீற்றர் உயரம், நல்லதண்ணிப் பக்கமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். டிசெம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவுடன் யாத்திரைக் காலம் முடியும்; அதற்கு வெளியே படி நெடுக விளக்கும் இராது, தேநீர்க் கடையும் இராது. சூரிய உதயத்துக்கு நள்ளிரவு ஒன்றரை, இரண்டு மணிக்கு ஏறத் தொடங்க வேண்டும். வார இறுதியிலும் போயாவிலும் கடைசிப் படிகளில் வரிசை நகரவே நகராது. செவ்வாய், புதன் போன்ற நாளைத் தேர்ந்தெடுங்கள். விரைவாக ஏறி மூன்றரை மணிக்கே உச்சியை அடைந்துவிட்டு, வியர்த்த உடையோடு காற்றில் இரண்டரை மணி நேரம் நடுங்குவது இளைஞர்கள் செய்யும் பிழை. உலர்ந்த சட்டையொன்றைப் பையில் வைத்திருந்து மேலே மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த நாளை முழு ஓய்வாக விடுங்கள். முழங்கால் இறங்கும்போதுதான் கணக்குக் கேட்கும்.

பௌத்த விகாரைகளிலும் கண்டியிலுள்ள தலதா மாளிகையிலும் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுப்பது இங்கே கடுமையான குற்றமாகப் பார்க்கப்படும். நண்பர்கள் அறியாமல் செய்வார்கள் என்பதால் உள்ளே போவதற்கு முன்பே சொல்லுங்கள்.

9. பஸ்ஸும் முச்சக்கர வண்டியும்

இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே பாதையில் ஓடும். முன்னிருக்கை மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டது. காலியாக இருந்தாலும், பிக்கு ஒருவர் ஏறியவுடன் எழ வேண்டும். ஊவாவின் சில பகுதிகளில் நடத்துநருக்குத் தமிழ் வராது. இறங்க வேண்டிய இடத்தில் "பஹினவா" என்று உரக்கச் சொன்னால் நிறுத்துவார். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் அந்தக் கவலை இல்லை. மலையகத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழைவிட நம் ஊர்ப் பேச்சுக்கு நெருக்கமானது என்பதைக் கண்டு நண்பர்கள் வியப்பார்கள்.

தோட்டப் பாதைகளில் மாலை ஆறு மணிக்குப் பின் பஸ் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முச்சக்கர வண்டியில் ஏறுமுன் போவது, காத்திருப்பது, திரும்புவது ஆகிய மூன்றுக்கும் சேர்த்துத் தொகை பேசுங்கள். போவதற்கு மட்டும் பேசிவிட்டு மலையுச்சியில் நின்று திரும்பும் கூலியைப் பேசினால் யார் வெல்வார் என்பது தெரிந்ததே.

இரவில் மலை வீதிகளில் நெடுந்தூர பஸ் ஏற வேண்டாம். 2025 இல் கொத்மலைக் கரண்டியெல்லவிலும் எல்ல–வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தனர். ஒன்று விடியுமுன் நடந்தது, மற்றொன்று இரவில்.

10. நண்பர்களை உங்கள் தோட்டத்துக்குள் அழைத்துச் செல்வது

இந்தப் பகுதியைத்தான் நான் அதிக நேரம் யோசித்து எழுதுகிறேன். நண்பர்கள் ஒரு வாரத்தில் விமானம் ஏறிவிடுவார்கள். நீங்கள் அடுத்த திங்கட்கிழமை அதே லயத்துப் பிள்ளைகளுக்கு (லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) முன்னால் நிற்க வேண்டும். அவர்கள் செய்ததெல்லாம் உங்கள் கணக்கில் எழுதப்படும்.

கொழுந்து பறிக்கும் பெண்களை நிறுத்திப் படமெடுக்கும் பிழையில் தொடங்கலாம். ஒரு நாளுக்கென்று நிர்ணயித்த கிலோவைப் பறித்தால்தான் அவர்களுக்கு முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். பத்து நிமிடம் கூடையை வாங்கித் தலையில் மாட்டிப் படமெடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பத்து நிமிடத்தின் விலையை அவர்தான் கொடுக்கிறார். என் இரண்டாம் குழுவினர் அப்படி நின்றபோது, என் மாணவியின் தாயார் ஒருவர் சிரித்துக்கொண்டே, "சேர், போட்டோ புடிங்க, பரவால்ல. ஆனா கொழுந்து நிறுக்கிற நேரமாவுது" என்றார். அதன் பொருள் எனக்குப் புரிய ஒரு மாதம் பிடித்தது. ஆகவே பறிக்கும் நேரத்தில் மலைக்குள் போகாதீர்கள். கொழுந்து நிறுத்து முடிந்தபின், பாதையில் திரும்பி வரும்போது, அனுமதி கேட்டுப் பேசுங்கள்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரின் சம்மதமின்றி எங்கும் பதிவிடக் கூடாது என்று நண்பர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். லயன் அறைகளின் உட்புறத்தை, வறுமையைக் காட்டுவதற்காகப் படமெடுப்பதையும் தடுத்துவிடுங்கள். வீட்டுக்காரர் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ஆனால் மறுநாள் முதல் உங்களை உள்ளே கூப்பிடுவது குறையும்.

விருந்துக்கு அழைத்தால் நாலைந்து பேரோடு திடீரென்று போய் நிற்காதீர்கள். வெளியூரிலிருந்து ஆள் வந்தால் கடன் வாங்கியாவது கோழி அடிப்பார்கள். இரண்டு நாட்களுக்கு முன்பே எண்ணிக்கையைச் சொல்லி, தேநீருக்கு மட்டும் வருவதாகச் சொல்லுங்கள். போகும்போது கோதுமை மா, சீனி, பருப்பு, தேங்காய் என்று வீட்டில் உதவும் பொருட்களைக் கொண்டு போங்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தால் வயிறாரச் சாப்பிடுங்கள், அதைவிட மரியாதை வேறில்லை. பிள்ளைகளுக்கு மிட்டாய் அள்ளி வீசுவது வேண்டவே வேண்டாம். கொடுக்க விரும்பினால் பாடசாலைக்கென்று அப்பியாசக் கொப்பிகளை (நோட்டுப் புத்தகங்களை) அதிபரிடம் கொடுங்கள். யாருக்கு எது தேவையென்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்று. நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, இவர்கள் ஏன் இன்னும் லயத்தில் இருக்கிறார்கள் என்பதாக இருக்கும். அதை அந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்காமல், திரும்பி வரும் வழியில் உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

11. பணம்

சில்லறை நோட்டுகள் நிறைய வைத்திருங்கள். தோட்டத்துக் கடையில் 5,000 ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரர் ஊர் முழுவதும் ஓட வேண்டும். 2024 முதல் இந்திய யூபிஐ இலங்கையிலும் சில கடைகளில் செல்லும், ஆனால் மலைக் கடைகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம். தானியங்கிப் பணமெடுப்பை நகரத்திலேயே முடித்துவிடுங்கள். ஒருவர் பொதுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இரவும் கணக்கு எழுதினால் நட்பு நீடிக்கும்.

12. மழை பிடித்துக்கொண்டால்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மூன்று நிலைகளில், பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடும். நீங்கள் இருக்கும் பிரிவின் பெயரைத் தெரிந்து வைத்திருந்தால்தான் அந்த அறிவிப்பு உங்களுக்குப் பயன்படும்; எல்லவுக்குப் போகிறவருக்கு அது எல்ல என்றே இருக்கும், ஆனால் உங்கள் தோட்டம் எந்தப் பிரிவில் வருகிறது என்பதை அதிபரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடைவிடாத மழைக்குப் பின் சாய்வில் புதிய வெடிப்புகள் தெரிந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, ஊற்று நீர் திடீரென்று கலங்கி வந்தாலோ, அங்கே நிற்க வேண்டாம். நீர்வீழ்ச்சிகளில் குளிப்பது தெளிந்த வானத்திலும் அபாயமானது: மேலே மலையில் பெய்த மழை கீழே நீங்கள் நிற்கும் இடத்துக்கு முன்னறிவிப்பின்றி வந்து சேரும்.

அவசரப் பொலிஸுக்கு 119, அனர்த்த (பேரிடர்) முகாமைத்துவ நிலையத்துக்கு 117, நோயாளர் காவு வண்டிக்கு (ஆம்புலன்ஸ்) 1990. கடைசியாகச் சொன்ன சுவசெரிய சேவைக்குக் கட்டணம் இல்லை. பள்ளத்தாக்குகளில் கைப்பேசி அலை அறுந்து அறுந்து வரும் என்பதால், குழுவில் இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகள் இருக்கட்டும்.

13. திரும்பும் நாள்

நண்பர்களின் விமானம் கட்டுநாயக்கவிலிருந்து காலையில் என்றால், முந்தைய இரவை மலையில் கழிக்காமல் நீர்கொழும்பிலோ விமான நிலையத்துக்கு அருகிலோ கழிக்க வையுங்கள். கண்டி வீதியில் கடுகண்ணாவையும் ஹட்டன் வீதியில் கினிகத்தேனையும் மழை நாளில் மூடப்படக்கூடிய இடங்கள். அங்கே ஒரு பாறை உருண்டால், மாற்றுப் பாதை அரை நாளைத் தின்றுவிடும்.

நீங்கள் பாடசாலை தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னதாகத் தோட்டத்துக்குத் திரும்புங்கள். காலணியைக் கழுவி வெயிலில் வைக்க ஒரு பகல் வேண்டும், வெயில் வந்தால்.